நம் கச்சேரியை நாமே பதிவு செய்ய: கருவித் தேர்வில் அனுபவம் சொன்னவை

கச்சேரியைப் பதிவு செய்வதற்கென்றே ஒருவர் அமர்ந்திருந்தால், கருவியில் உள்ள குறைகளை அவர் கையாலேயே சரிக்கட்டிக்கொண்டு போவார். ஒலி ஏறினால் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைப்பார். பேட்டரி இறங்கினால் மாற்றுவார். யாராவது ஸ்டாண்டை இடித்துவிட்டால் எழுந்து போய் நேராக நிறுத்துவார். பாடுகிறவரே பதிவும் செய்ய வேண்டும் என்றால் இவற்றில் எதற்கும் வழியில்லை. சுருதி சேர்த்து முதல் உருப்படியை எடுத்த கணத்திலிருந்து நிகழ்ச்சி முடியும்வரை கருவியின் பக்கம் கை போகாது. கண்ணும் மனமும் போகக் கூடாது. பல ஆண்டுகளாக என் கச்சேரிகளை நானே பதிவு செய்து வருகிறேன். எந்த ரெக்கார்டர் வாங்கலாம் என்று சக கலைஞர்கள் கேட்கும்போது, ஒலித்தரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, இரண்டரை மணி நேரம் ஒருவரும் தொடாமல் அது தன் வேலையைச் செய்யுமா என்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். கருவித் தேர்வில் மற்ற எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியிலிருந்தே நான் தீர்மானிக்கிறேன்.

எதற்காகப் பதிவு செய்கிறோம் என்பது தெளிவாகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். என் முதல் தேவை, பாடியதை உட்கார்ந்து கேட்டுத் திருத்திக்கொள்வது. மேடையில் நம் காதில் விழும் ஒலி வேறு, எதிரே அமர்ந்திருப்பவர் காதில் விழும் ஒலி வேறு. காலப்பிரமாணம் எந்த இடத்தில் ஓடியது, மேல் ஸ்தாயியில் சுருதி எங்கே விலகியது, வயலினுக்கு எவ்வளவு இடம் விட்டோம் என்பவையெல்லாம் பதிவில்தான் தெரியும். இதற்கு உயர்ந்த தரம் கட்டாயமில்லை. அரங்கில் இருந்த சமநிலை மாறாமல் பதிவாக வேண்டும் என்பதே கட்டாயம். இரண்டாவது தேவை, நிகழ்ச்சி அமைப்பாளர்களுக்கு அனுப்பவும் இணையத்தில் வெளியிடவும் ஏற்ற பதிவு. அங்கே மின்விசிறி இரைச்சலையும் இருமலையும் கேட்பவர் பொறுத்துக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில் எடுத்து, பிறகு கலந்து, ஆல்பமாக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அந்த வேலையை அதற்கென்று ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவதே நல்லது. பாடிக்கொண்டே எட்டுத் தடங்களைக் காவல் காக்க யாராலும் முடியாது.

கைபேசி போதாதா என்ற கேள்வி எப்போதும் வரும். ஒத்திகைக்குப் போதும், கச்சேரிக்குப் போதாது என்பது என் முடிவு. கைபேசியின் மைக் மோசமானது என்பதால் இப்படிச் சொல்லவில்லை. பேச்சைத் தெளிவாக எடுப்பதற்காகப் பெரும்பாலான கைபேசிச் செயலிகள் ஒலியின் அளவைத் தாமாகவே கூட்டிக் குறைக்கின்றன. ஆலாபனையில் ஒரு கார்வைக்குப் பிறகு பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் தம்புராவின் ஒலி மெல்ல மெல்லப் பொங்கி எழும்பும். அடுத்து மிருதங்கத்தில் ஒரு சொல் (அடி) விழுந்ததும் பாட்டு, வயலின், தம்புரா எல்லாம் சேர்ந்து ஒரே அமுக்காக உள்ளே போய்விடும். இரண்டு விநாடி கழித்து மறுபடி எழும்பும். இப்படிப் பதிவானதை எந்த மென்பொருளாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. சிறிதாகப் பாடிய இடம் சிறிதாகவும் பெரிதாகப் பாடிய இடம் பெரிதாகவும் பதிவாகாவிட்டால், நாம் எப்படிப் பாடினோம் என்பதை அந்தப் பதிவிலிருந்து தெரிந்துகொள்ளவே வழியில்லை. கைபேசியைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டை அணைக்க வசதியுள்ள செயலியையும், கைபேசியில் நேரடியாகச் செருகும் ஸ்டீரியோ மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். அழைப்புகள் குறுக்கிடாமல் இருக்க விமானப் பயன்முறையில் வைக்க வேண்டும்.

கையடக்க ரெக்கார்டர்களுக்குள் உண்மையான வேறுபாடு, மைக்குகள் கருவியிலேயே உள்ளனவா, வெளியிலிருந்து வரும் ஒலியை வாங்க, மூன்று முனைக் கம்பி செருகும் எக்ஸ்எல்ஆர் வாய்கள் உள்ளனவா என்பதில்தான் இருக்கிறது. ஜூம் நிறுவனத்தின் எச்1 வரிசையும் டாஸ்காம் நிறுவனத்தின் டிஆர்-05எக்ஸும் சட்டைப் பையில் அடங்கும் சிறிய கருவிகள். தலையில் இரண்டு மைக்குகளும், வெளி மைக் செருக 3.5 மி.மீ. வாயும் உண்டு. ஜூம் எச்4, எச்5, எச்6 வரிசைகள், டாஸ்காம் டிஆர்-40எக்ஸ், போர்ட்டாகேப்சர் எக்ஸ்8 போன்றவற்றில் மைக்குகளோடு எக்ஸ்எல்ஆர் வாய்களும் சேர்ந்தே வருகின்றன. ஜூம் எஃப்3 போன்றவற்றில் மைக்கே கிடையாது. இரண்டு எக்ஸ்எல்ஆர் வாய்கள் மட்டுமே உண்டு. மைக்குகளை நாம்தான் கொண்டுபோக வேண்டும். மேடைக் கலைஞருக்கு நடுவில் சொன்ன வகையே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. மைக்செட் இல்லாத சிறிய அறையில் கருவியின் மைக்குகளே போதும். மைக்செட் உள்ள அரங்கில், எல்லா மைக்குகளின் ஒலியையும் கலக்கும் மிக்ஸரிலிருந்து ஒரு இணைப்பும் எடுக்க முடியும். பிற்பாடு நல்ல மைக் ஜோடி ஒன்று வாங்கினாலும் அதே கருவி பயன்படும். சிறிய கருவியை வாங்கியவர்கள் ஓர் ஆண்டுக்குள் இரண்டாவது கருவி தேடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி கெயின். நாமே பாடி நாமே பதிவு செய்வதில் மிகப் பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கச்சேரிக்கு முன்னால் மைக் சரிபார்க்கும்போது யாரும் கச்சேரியில் பாடுவதுபோலப் பாடுவதில்லை. மிருதங்க வித்வான் தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில் வாசிக்கும் தீர்மானம் என்னும் முடிப்பை மாலை ஐந்து மணிக்குக் காலி அரங்கில் வாசித்துக் காட்ட மாட்டார். ஆகவே அந்த நேரத்தில் கண்ட அளவை நம்பிக் கெயின் வைத்தால், கூட்டம் நிறைந்து உற்சாகம் ஏறிய பிறகு ஒலி எல்லையைத் தாண்டிக் கரகரக்கும். சாதாரண டிஜிட்டல் பதிவில் மீட்டரின் உச்சமான பூஜ்ஜிய டெசிபல் என்பது மதில். அதற்கு மேல் எதுவும் பதிவாகாது, அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். 16 பிட் பதிவில் மிகச் சிறிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே கோட்பாட்டளவில் சுமார் 96 டெசிபல் இடம் உண்டு. 24 பிட்டில் அது 144. மின்சுற்றுகளின் இரைச்சல் காரணமாக நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது என்றாலும், ஒலியைச் சற்றுத் தாழ்வாக வைத்துப் பதிவு செய்து பிறகு உயர்த்திக்கொள்வதற்குத் தாராளமான இடம் இருக்கிறது. ஆகவே 24 பிட்டைத் தேர்ந்தெடுத்து, சரிபார்க்கும் நேரத்தில் மிகப் பலமான இடம் -20 டெசிபலைத் தொடும்படி வைக்கிறேன். கச்சேரியில் அது -10 வரை ஏறினாலும் எந்தச் சேதமும் இல்லை. மீட்டர் துள்ளுவதைப் பார்த்தால்தான் பதிவாகிறது என்ற நம்பிக்கை வருகிறது என்பதற்காகக் கெயினை ஏற்றுகிறவர்கள் உண்டு. மீட்டரில் பாதி கூட எழாத பதிவுகளில்தான் என்னுடைய நல்ல பதிவுகள் எல்லாம் இருக்கின்றன.

சில கருவிகளில் இதற்கு ஒரு காப்பு உண்டு. ஜூம் எச்5, எச்6 ஆகியவை மேல் மைக்குகளின் ஒலியை 12 டெசிபல் தாழ்த்தி இரண்டாவது பிரதியாகவும் எழுதி வைக்கும். டாஸ்காம் டிஆர்-40எக்ஸிலும் இதேபோல இரட்டைப் பதிவு வசதி உண்டு. முதல் பிரதியில் ஓரிடம் கரகரத்தால் அந்த இடத்தை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். அண்மைக் காலத்தில் வந்த 32 பிட் ஃப்ளோட் (பூஜ்ஜியத்துக்கு மேலும் ஒலியைக் குறித்து வைக்கும் பதிவு முறை) கருவிகள் இதை இன்னும் எளிதாக்கிவிட்டன. 2019-இல் வந்த ஜூம் எஃப்6, 2022-இல் வந்த எஃப்3, 2024-இல் வந்த எச்1எசென்ஷியல், எச்4எசென்ஷியல், எச்6எசென்ஷியல் ஆகியவையும் டாஸ்காம் போர்ட்டாகேப்சர் எக்ஸ்8-உம் இந்த முறையில் பதிவு செய்யக் கூடியவை. சிறிய ஒலிக்கு ஒன்றும் பெரிய ஒலிக்கு ஒன்றுமாக ஒலியை எண்களாக்கும் இரண்டு மாற்றிகளை வைத்து இவை வேலை செய்கின்றன; எச்1எசென்ஷியல், எஃப்3 போன்றவற்றில் கெயின் குமிழே கிடையாது. பூஜ்ஜியத்தைத் தாண்டியதுபோலத் தோன்றும் ஒலியையும் பிறகு கணினியில் இறக்கினால் அலை முழுதாகத் திரும்ப வரும். தாமே பாடிப் பதிவு செய்கிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வசதி அண்மைக் காலத்தில் வரவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இது காப்பாற்றுவது ரெக்கார்டருக்குள் நிகழும் வெட்டை மட்டும்தான். மைக்கே தாங்காத அளவுக்கு ஒலி வந்தாலோ, மிக்ஸரிலிருந்து வரும்போதே ஒலி வெட்டுப்பட்டிருந்தாலோ, 32 பிட் அந்தக் கரகரப்பை அப்படியே துல்லியமாகப் பதிவு செய்து தரும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் தானியங்கி அளவுக் கட்டுப்பாடு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ‘லோ கட்’ எனப்படும் தாழொலி வடிகட்டியையும் நான் பதிவின்போது போடுவதில்லை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் ஆழ்ந்த நாதத்தின் ஒரு பகுதியை அது எடுத்துவிடும். தேவையானால் பிறகு கணினியில் போட்டுக்கொள்ளலாம்.

கருவிக்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியையாவது அதை எங்கே வைப்பது என்பதில் செலவழிக்க வேண்டும். எளிய கருவி நல்ல இடத்தில் இருந்தால், உயர்ந்த கருவி மோசமான இடத்தில் தருவதைவிட நன்றாகவே தரும். ஒலியின் மூலத்திலிருந்து விலகும் தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். சுவர்களிலும் கூரையிலும் பட்டு வரும் எதிரொலியோ அரங்கம் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். ஆகவே பின்வரிசையில் வைத்த ரெக்கார்டரில் பாட்டைவிட அரங்கமே அதிகம் கேட்கும். அங்கே உட்கார்ந்து கேட்கும்போது மனம் எதிரொலியைத் தள்ளிவிட்டுப் பாட்டைப் பிடித்துக்கொள்வதால் அது தெரிவதில்லை. ஸ்பீக்கரில் கேட்கும்போது பளிச்சென்று தெரியும். மைக்செட் இல்லாத அல்லது மிகக் குறைவாகப் பயன்படுத்தும் இடங்களில், மேடைக்கு நடுவே, கலைஞர்களிலிருந்து இரண்டு மீட்டர் முன்னால், தரையில் அமர்ந்து பாடுகிறோம் என்றால் ஒன்றரை மீட்டர் உயரத்தில் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கிறேன். மிருதங்கம் தூக்கலாகத் தெரிந்தால் கருவியை வயலின் பக்கமாக ஒரு சாண் நகர்த்தினாலே சமநிலை மாறிவிடும். கெயினால் முடியாத வேலை அது.

மேடை மரப்பலகையாக இருந்தால் மேசை ஸ்டாண்டைப் பலகையின் மேல் வைக்கக் கூடாது. எங்கள் குழுவில் வயலின் வாசிப்பவர் தாளத்துக்குக் குதிகாலை மெதுவாகத் தட்டும் பழக்கம் உள்ளவர். அரங்கில் அது யாருக்கும் கேட்டதில்லை. பலகை மேல் நின்ற ரெக்கார்டரிலோ, ஒவ்வொரு தட்டும் பலகை வழியாக ஏறி, காதுக்கு அடியில் யாரோ கதவைத் தட்டுவதுபோல, சமத்துக்குச் சமம் பதிவாகியிருந்தது. அன்றைய மிருதங்க ஒலியிலிருந்து அதைப் பிரித்தெடுக்கவே முடியவில்லை. அதற்குப் பிறகு ஸ்டாண்டை மேடைக்குக் கீழே தரையில் நிறுத்தி, அதன் கால்களுக்கடியில் தடித்த ரப்பர் அல்லது மடித்த துணி வைக்கிறேன். மைக் ஸ்டாண்டாகவே எடுத்துப் போவது நல்லது. ரெக்கார்டர்களின் அடியில் இருப்பது கேமரா ஸ்டாண்டுக்கான கால் அங்குலத் திருகு. மைக் ஸ்டாண்டின் திருகு அதைவிடப் பெரியது. இரண்டையும் இணைக்கும் சிறிய மாற்றுத் திருகு ஒன்று பையில் இல்லாவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை.

கருவியின் தலையில் உள்ள இரண்டு மைக்குகளும் பெரும்பாலும் எக்ஸ்-ஒய் முறையில், 90 பாகை கோணத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கும். ஒலி தெளிவாக, நடுவே திரண்டு வரும். மேடையின் அகலம் அவ்வளவாகத் தெரியாது. வெளி மைக் ஜோடி வாங்கினால் பிரெஞ்சு வானொலியில் உருவான ஓஆர்டிஎஃப் முறையைப் பரிந்துரைப்பேன்: இரண்டு கார்டியாய்ட் (முன்பக்க ஒலியை அதிகம் எடுக்கும்) மைக்குகளை 17 செ.மீ. இடைவெளியில், 110 பாகை விரித்து, ஒரே குறுக்குப் பட்டையில் பொருத்த வேண்டும். இடப்புறம் மிருதங்கம், வலப்புறம் வயலின், நடுவில் குரல் என்று கண்ணை மூடினால் இடம் தெரியும்படி பதிவாகும். இதற்குப் பயன்படும் கண்டென்சர் மைக்குகளுக்கு, மைக் கம்பி வழியாகவே போகும் 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரம் வேண்டும் என்பதால் ரெக்கார்டர் அதைத் தருமா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். அது பேட்டரியை வேகமாகக் குடிக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மைக்செட் உள்ள அரங்குகளில் மிக்ஸரிலிருந்து நேரடி இணைப்பு கிடைத்தால் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இருமலும் எதிரொலியும் இல்லாத சுத்தமான ஒலி அதில் வரும் என்பது உண்மைதான். ஆனால் மிக்ஸரில் இருப்பது, அரங்கில் எது போதவில்லையோ அதை நிரப்புவதற்கான கலவை. சிறிய அரங்கில் மிருதங்கம் தானாகவே நன்றாகக் கேட்கும் என்பதால் ஒலியமைப்பாளர் அதை மிகக் குறைவாகவே வைத்திருப்பார். குரலை அதிகம் வைத்திருப்பார். மிக்ஸர் பதிவைக் கேட்டால் பாடகர் காதருகே பாடுவார். மிருதங்கம் பக்கத்துத் தெருவில் ஒலிக்கும். அதைவிட மோசமான அனுபவமும் எனக்கு உண்டு. ஓர் அரங்கில் பிரதான வெளியீட்டிலிருந்தே இணைப்புத் தந்தார்கள். சரிபார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருந்தது. கூட்டம் நிறைந்ததும் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாரோ சொல்ல, ஒலியமைப்பாளர் பிரதான ஃபேடரை (ஒலியளவுச் சறுக்கு விசையை) ஏற்றினார். அரங்குக்கு அது சரியாகவே இருந்திருக்கும். என் ரெக்கார்டருக்கு வந்த ஒலியோ அந்த நிமிடத்திலிருந்து வெட்டுப்பட்டே வந்தது. பிரதான ராகம் முழுவதும் ஒவ்வொரு உச்சத்திலும் காகிதம் கிழிவதுபோன்ற ஓசை. ஆகவே இப்போது இணைப்புக் கேட்கும்போது, பிரதான ஃபேடருக்குக் கட்டுப்படாத தனி ‘ஆக்ஸ்’ வெளியீட்டை, முடிந்தால் ‘ப்ரீ-ஃபேடர்’ ஆக (தடங்களின் ஃபேடர்களும் பாதிக்காதபடி) வைத்துத் தருமாறு கேட்கிறேன். அதில் மிருதங்கத்தையும் வயலினையும் சற்றுக் கூட்டி வைக்கும்படியும் கேட்டுக்கொள்ளலாம். அரங்கின் ஒலியை அது பாதிக்காது. நிகழ்ச்சி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கடைசி நிமிடத்தில் கம்பியோடு போய் நின்றால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

மிக்ஸரிலிருந்து வரும் ‘லைன்’ அளவு மைக் அளவைவிட மிகப் பலமானது. அதைச் சிறிய ரெக்கார்டரின் 3.5 மி.மீ. மைக் வாயில் நேராகச் செருகினால் கெயினை எவ்வளவு குறைத்தாலும் கரகரக்கும். ஒலியைத் தாழ்த்தித் தரும் தடுப்புக் கம்பி ஒன்று இடையில் வேண்டும். லைன் அளவை நேரடியாக ஏற்கும் வாய்கள் உள்ள கருவி என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஃபேண்டம் மின்சாரம் அந்த வாய்களில் அணைந்திருக்கிறதா என்று இணைப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். மிக்ஸரின் வெளியீட்டுக்குள் 48 வோல்ட் போவது நல்லதல்ல. இன்னொன்று, மிக்ஸர் ஒரு மின்வாயிலும் ரெக்கார்டர் வேறொரு மின்வாயிலும் இணைந்திருந்தால், ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் பதிவில் நுழையக் கூடும். ரெக்கார்டரை பேட்டரியில் ஓடவிட்டால் இரு மின்வாய்களின் வழியே உண்டாகும் மின்சுற்று அறுந்துவிடும்; ரீங்காரம் பெரும்பாலும் நின்றுவிடும்.

மிக்ஸர் ஒலியையும் அரங்கில் வைத்த மைக்குகளின் ஒலியையும் சேர்த்துக் கலப்பதே மிகச் சிறந்த பலனைத் தருகிறது: தெளிவு முதலாவதிலிருந்தும், மிருதங்கத்தின் முழு நாதமும் அரங்கின் உயிரும் இரண்டாவதிலிருந்தும் கிடைக்கும். இதற்கு இரண்டு தனி ரெக்கார்டர்களைப் பயன்படுத்தலாம் என்றாலும், ஒவ்வொரு கருவியின் உள்கடிகாரமும் மிகச் சிறிய அளவில் வேறுபடும். பத்து லட்சத்தில் இருபது பங்கு வேறுபாடு என்று வைத்துக்கொண்டாலும், இரண்டரை மணி நேர முடிவில் இரு பதிவுகளும் 0.18 விநாடி விலகி நிற்கும். ஒவ்வொரு மிருதங்கச் சொல்லும் இரண்டிரண்டாகக் கேட்கும். ஆகவே நான்கு தடங்களை ஒரே கருவியில் பதிவு செய்யும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. மேல் மைக்குகளும் இரண்டு எக்ஸ்எல்ஆர் வாய்களும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதால் விலகல் வராது. ரெக்கார்டரை மேடைக்கு முன்னால் ஸ்டாண்டில் நிறுத்தி, மிக்ஸரிலிருந்து அதுவரைக்கும் நீண்ட எக்ஸ்எல்ஆர் கம்பி போட்டுக்கொள்கிறேன்; வழியில் புகும் இரைச்சலை நீக்கிவிடும் ‘பேலன்ஸ்டு’ இணைப்பு என்பதால் முப்பது மீட்டர் கம்பியானாலும் இரைச்சல் சேர்வதில்லை. கலக்கும்போது ஒரு திருத்தம் மட்டும் தேவைப்படும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மைக் 10 மீட்டர் தள்ளி இருந்தால் அதன் ஒலி 29 மில்லி விநாடி தாமதமாக வரும். தொடக்கத்தில் மேடையில் ஒரு கைத்தட்டு பதிவாகியிருந்தால், இரு தடங்களிலும் அதன் கூர்முனையைப் பொருத்தித் தடத்தை நகர்த்திவிடலாம்.

பேட்டரியும் மெமரி கார்டும் அலுப்பூட்டும் விஷயங்கள். ஆனால் கைவிட்டுப் போகும் பதிவுகளில் பெரும்பாலானவை இவற்றால்தான் போகின்றன. பெட்டியில் போட்டிருக்கும் பேட்டரி நேரத்தை நம்பாமல், ஃபேண்டம் மின்சாரத்தையும் போட்டு, வீட்டில் ஒருமுறை முழுதாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரிகள் 1.2 வோல்ட், அல்கலைன் 1.5 வோல்ட், எதைப் போட்டிருக்கிறோம் என்பதைக் கருவியின் அமைப்பில் சொல்லாவிட்டால் அது காட்டும் அளவு தவறாகவே இருக்கும். பவர் பேங்க் பயன்படுத்தலாம். ஆனால் ரெக்கார்டர் எடுக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பார்த்து, ஒன்றும் இணைந்திருக்கவில்லை என்று கருதிச் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். யூஎஸ்பி மின்சாரம் நின்றால் உள்ளே உள்ள பேட்டரிக்குத் தடையின்றி மாறிக்கொள்ளும் கருவி என்றால் கவலையே இல்லை. கடையிலேயே கம்பியைப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள்.

48 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது), 24 பிட் ஸ்டீரியோ பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி இடம் எடுக்கும். நான்கு தடங்கள் என்றால் 2 ஜிபி. 32 பிட் ஃப்ளோட் ஸ்டீரியோ சுமார் 1.4 ஜிபி. கச்சேரிப் பதிவுக்கு 96 கிலோஹெர்ட்ஸ் தேவை என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை, இடம்தான் இரட்டிப்பாகும். சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் நீண்ட பதிவைக் கருவிகள் துண்டுகளாக எழுதும்; துண்டுகளுக்கு நடுவே ஒலி விடுபடாமல் எழுதுகிறதா என்று முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வேண்டும். கார்டைக் கணினியில் அல்லாமல் அந்தக் கருவியிலேயே ஃபார்மட் செய்ய வேண்டும். பழைய கருவிகள் பல 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்பதில்லை.

பொத்தான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில கருவிகளில் பதிவுப் பொத்தானை முதல்முறை அழுத்தினால் தயார் நிலை மட்டும்தான். விளக்கு சிமிட்டும், மீட்டர் ஆடும், ஆனால் எதுவும் பதிவாகாது. இரண்டாவது முறை அழுத்தினால்தான் பதிவு தொடங்கும். மேடையேறும் படபடப்பில் இந்த வேறுபாடு கண்ணில் படாது. விளக்கைப் பார்க்காமல், ஓடும் விநாடிகளைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு ‘ஹோல்ட்’ விசையைப் போட்டுவிட்டால் முன்வரிசைக் குழந்தை வந்து அழுத்தினாலும் நிற்காது. மேடைக்கு அழைக்கும்வரை காத்திராமல், பத்து நிமிடம் முன்பே பதிவைத் தொடங்கிவிடுகிறேன். வீணாகும் இடம் மிகச் சிறிது. மனத்தில் ஒரு வேலை குறைகிறது. காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோனில், பதிவாகும் ஒலியை ஒரு நிமிடமாவது கேட்ட பிறகே கருவியை விட்டு அகல வேண்டும். குளிர்சாதனக் கருவியின் காற்று நேராக மைக்கின் மேல் படுகிறதா, ஏதாவது கம்பி தளர்ந்து கொறகொறக்கிறதா என்பதெல்லாம் மீட்டரில் தெரியாது.

பதிவு செய்யப்போவதைச் சக கலைஞர்களிடமும் அரங்கத்தாரிடமும் முன்பே சொல்லி இசைவு பெறுவது என் வழக்கம். அவர்களுடைய வாசிப்பும் அதில் இருக்கிறது. வெளியிடுவதானால் மறுபடியும் கேட்க வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்ததும் பதிவை நிறுத்தி, கோப்பு எழுதி முடிந்ததென்று திரை காட்டிய பிறகே மின்சாரத்தை அணைக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது அணைத்தால் கோப்பு திறக்க முடியாதபடி முடங்கிப்போகக் கூடும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் எடுத்து, இரண்டும் ஒலிக்கின்றனவா என்று நடுவிலும் கடைசியிலும் கேட்டுப் பார்த்த பிறகுதான் கார்டை அழிக்கிறேன். கோப்பின் பெயரில் தேதியை ஆண்டிலிருந்து தொடங்கி எழுதி, இடத்தையும் கருவியை வைத்த தூரத்தையும் சேர்த்துவிட்டால், எந்த அரங்கில் எங்கே வைத்தது நன்றாக வந்தது என்ற பட்டியல் தானாகவே உருவாகிவிடுகிறது. அடுத்த முறை அதே அரங்குக்குப் போகும்போது அதைப் பார்த்தே ஸ்டாண்டை நிறுத்துகிறேன். சக கலைஞர்களுக்கு ஒரு பிரதியை அன்றிரவே அனுப்பிவிடுகிறேன். அடுத்த ஒத்திகைக்கு அவரவர் குறித்துக்கொண்ட நிமிடக் கணக்கோடு வருகிறார்கள்; எந்த இடத்தை எப்படி மாற்றலாம் என்ற பேச்சு அங்கிருந்தே தொடங்குகிறது.